நாணயமும் நம்பிக்கையும்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையிற் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். முன்னது பின்னதைச் சார்ந்தே வாழ்கின்றது என்பதனைச் சுவீடன் நாட்டின் வரலாறு நன்கு விளக்கும்.

பதினேழாம் நூற்றாண்டில் அந்நாட்டில் செம்பு மிகுதியாகக் கிடைத்தது. ஆதலின், செம்புத் தகடுகளையே மக்கள் பணமாக வழங்கினர். 1644ஆம் ஆண்டில் வெளியான பெருந்தகடு ஒன்றின் எடை ஏறத்தாழ 20 கிலோ. அதனைச் சுமந்து கடைவீதிக்குச் செல்லுதல் எளிதாகுமோ? இவ்வல்லல் நீங்குமாறு, ஸ்டாக்ஹோம் நகரத்து வங்கி ஒன்று 1661ஆம் ஆண்டில் பணத்தாள்களை வெளியிட்டது. ஐரோப்பாவில் வங்கி வெளியிட்ட முதற் பணத்தாள்கள் அவையே. மக்கள் அவற்றை விரும்பி ஏற்றனர். ஆனால், வங்கியோ தன் இருப்பின் அளவை மீறித் தாள்களை அச்சிட்டது. தாளைக் கொடுத்து உலோகப் பணம் கேட்டவர்க்கு அதனால் ஈடு செய்ய இயலவில்லை. தாளில் இருந்த எழுத்து மாறவில்லை. மக்கள் மனம் மாறிற்று. வங்கி வீழ்ந்தது. 1668ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறுவிய புதிய வங்கிக்குப் பணத்தாள் வெளியிடும் உரிமையே தொடக்கத்தில் மறுக்கப்பட்டது.

ஐரோப்பாவில் வங்கிப் பணத்தாளை முதலில் கண்ட அதே நாடு, இன்று அதனைத் துறப்பதிலும் முன் நிற்கின்றது. 2012ஆம் ஆண்டில் பெரிய வங்கிகள் ஆறு ஒன்றுகூடி, 'ஸ்விஷ்' என்னும் முறையைத் தொடங்கின. பெறுபவரின் கைப்பேசி எண்ணைக் குறித்த அளவிலேயே, பணம் ஒருவர் கணக்கினின்று மற்றவர் கணக்கிற்குச் சென்றுவிடும். சில்லறை தேட வேண்டுவதில்லை. கள்வர்க்கும் அஞ்ச வேண்டுவதில்லை. ஆதலின், மக்கள் இதனைப் பெரிதும் விரும்பினர். ரொக்கம் பெறுவதில்லை என்னும் அறிவிப்பு பல கடைகளில் தோன்றலாயிற்று.

எனினும், எல்லாரும் இம்மாறுதலை ஒருபடித்தாக வரவேற்கவில்லை. கைப்பேசி பழகாத முதியோர், தம் கையில் பணம் இருந்தும் வாங்க இயலாமல் திகைத்தனர். வாங்கும் பொருள் ஒவ்வொன்றும் எங்கோ ஓர் ஏட்டில் பதியப்படுகின்றதே என்று வேறு சிலர் கவலையுற்றனர். மின்சாரம் நின்றால், போர் மூண்டால் என் செய்வது என்னும் வினாவும் எழுந்தது. 2018ஆம் ஆண்டில் அரசே வீடுதோறும் ஒரு கையேட்டை அனுப்பி, நெருக்கடிக் காலத்திற்கெனச் சிறு மதிப்புள்ள பணத்தாள்களையும் வைத்திருக்குமாறு அறிவுறுத்தியது. பெரிய வங்கிகள் ரொக்கச் சேவையைக் கைவிடலாகாது என்னும் சட்டம் 2020ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

செம்பு தன் சுமையால் கைவிடப்பட்டது. பழைய வங்கியின் தாள் நேர்மை தவறியமையால் வீழ்ந்தது. மின்வழிப் பணத்திற்குச் சுமை இல்லை. ஆயினும், எளிமை மக்களை அழைத்து வருமேயன்றி, அவர்களை நிலைநிறுத்தாது. இடர் வந்த நாளிலும் கைவிடாமையும், எளியோரைப் புறத்தே நிறுத்தாமையும் அதற்கு வேண்டும். அவையே பணத்தின் நாணயம்.