பாசன நீர்ப் பரிசோதனை: மாதிரியை எங்கே எடுப்பது?

பாசன நீரைப் பரிசோதிக்க விரும்பும் விவசாயிகள் பலர், கைக்கு எட்டிய இடத்தில் ஒரு பாட்டில் நீரை மொண்டு அனுப்பி விடுகிறார்கள். ஆய்வுக்கூடம் சொல்வது அந்த ஒரு பாட்டில் நீரின் தன்மையை மட்டுமே. எடுத்த இடம் தவறானால், நல்ல நீரை ஒதுக்கிவிடவோ, கெட்ட நீரைப் பாய்ச்சி நிலத்தை உவராக்கவோ நேரிடும்.

தாம்பரம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரி நீர் அடையாறாகி, முடிச்சூர் வழியாகத் திருநீர்மலை நோக்கி ஓடுகிறது. வழியில் குடியிருப்புகளின் கழிவுநீர் சேருகிறது. பிறகு செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரும் கலக்கிறது. ஆகவே மேலே எடுத்த நீரும் கீழே எடுத்த நீரும் ஒன்றல்ல.

ஆறு, ஓடை: கழிவு வாய்க்கால் சேரும் இடத்துக்கு மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி தேவை. சேரும் இடத்திலேயே எடுக்கக் கூடாது. சற்றுத் தள்ளி, இரு நீரும் நன்கு கலந்த பிறகு, நீரோட்டத்தின் நடுவில் ஓர் அடி ஆழத்தில் எடுக்க வேண்டும்.

ஏரி: வரத்துக் கால்வாய் ஏரியில் விழும் இடத்தில் ஒன்று, பாசன மதகில் ஒன்று எடுக்கலாம். கரையோரம் தேங்கிய பாசி நீர் வேண்டாம்.

கிணறு: பம்பு செட்டை அரை மணி நேரம் ஓடவிட்டு, குழாய் வாயில் பிடிக்க வேண்டும். பக்கத்துக் கிணறு நன்றாயிருந்தால் நம் கிணறும் நன்றாயிருக்கும் என்று எண்ணக் கூடாது. ஒவ்வொரு கிணற்றுக்கும் தனி மாதிரி அவசியம்.

மேல் மாதிரி நன்றாகவும் கீழ் மாதிரி உப்பாகவும் இருந்தால், கேடு அந்த வாய்க்காலில் இருக்கிறது. இரண்டும் உப்பானால், கேடு இன்னும் மேலே இருக்கிறது. மதகு நீர் நல்லதாகி, கிணறு மட்டும் உப்பானால் நிலத்தடி நீரைக் கவனிக்க வேண்டும்.

உப்பின் அளவு 0.7 மில்லிமோஸுக்குக் குறைந்தால் கவலையில்லை. 3-க்கு மேல் போனால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. பல்லாவரம், நாகல்கேணி பகுதியில் தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. சாதாரண உப்புச் சோதனையில் இது தெரியாது. தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும். பாசன நீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கலாகாது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் ஜனவரியில் ஒரு முறையும், கோடையில் ஒரு முறையும் மாதிரி எடுப்பது நல்லது. பெருமழை பெய்த மறுநாள் எடுக்க வேண்டாம். மருந்து, மண்ணெண்ணெய் இருந்த பாட்டிலைத் தவிர்த்து, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மும்முறை கழுவி, ஒரு லிட்டர் நிரப்பி மூட வேண்டும். பெயர், கிராமம், சர்வே எண், எடுத்த இடம், தேதி, பயிர் ஆகியவற்றை எழுதி ஒட்டி, அன்றே மண் பரிசோதனை நிலையத்தில் சேர்ப்பது நலம். விவரங்களுக்கு அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.

நீரின் குணம் தெரிந்து பயிரைத் தேர்ந்தெடுத்தால், போட்ட முதல் வீண் போகாது.