மூன்று டிகிரி

2017 ஆகஸ்ட் 16 அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்காலுக்கு விலை உச்சவரம்பு விதித்தது. பரவலாகப் பொருத்தப்படும் கோபால்ட்-குரோமியம் வகை, வரி நீங்கலாக 54,720 ரூபாய் ஆனது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் முழங்கால் மாற்று அறுவைக்கு இடம் உண்டு. தாம்பரம், குரோம்பேட்டை குடும்பங்கள் இன்று செலவை முன்கூட்டியே கணக்கிடலாம். மூட்டு பொருத்தப்படும் கோணத்தைக் கணக்கிட அவர்களிடம் எதுவும் இல்லை.

இடுப்பு மூட்டின் மையத்திலிருந்து கணுக்கால் மையத்துக்கு இழுக்கும் கோடு முழங்காலின் நடுவே செல்ல வேண்டும். இதுவே இயந்திர அச்சு. இரு பக்கமும் 3 டிகிரி வரை விலகலாம் என்பது நெடுநாள் வழக்கம். கீழ்க்கால் எலும்பின் மேல்முனை சுமார் 7 சென்டிமீட்டர் அகலம். அறுக்கும்போது ஒரு ஓரம் 4 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் 3 டிகிரி தாண்டிவிடும்.

தொடையெலும்புக்குள் செலுத்தும் கம்பியை வைத்தே பெரும்பாலும் வெட்டுக் கோணம் தீர்மானிக்கப்படுகிறது. தொடையெலும்பு வளைந்திருந்தால் கம்பி தவறான திசையைக் காட்டும். முழங்காலை மட்டும் எடுக்கும் எக்ஸ்ரேயில் அந்த வளைவு தெரியாது.

படி இறங்கும்போது முழங்காலில் விழும் சுமை உடல் எடையைப் போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு. 70 கிலோ எடையுள்ளவர் தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் இறங்கும் ஒவ்வொரு படியிலும் சுமார் 240 கிலோ. கால் வில்லாக வளைந்து நின்றால் அதில் பெரும்பங்கு உட்புறத்திலேயே இறங்கும்.

1991இல் பிரிட்டனில் 115 முழங்கால்கள் ஆராயப்பட்டன. சராசரியாக 8 ஆண்டுகளில், அச்சு சரியாக இருந்தவற்றில் 3% தளர்ந்தன. விலகியவற்றில் 24%.

ஆனால் 2010இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் 398 முழங்கால்களை 15 ஆண்டுக் கணக்கில் ஆராய்ந்தது. அச்சு நேரானவற்றில் 15.4%, விலகியவற்றில் 13% மறு அறுவைக்கு வந்தன. கோணம் மட்டுமே மூட்டின் ஆயுளைத் தீர்மானிப்பதில்லை. சில மருத்துவர்கள் சில டிகிரி வளைவைத் திட்டமிட்டே விடுகிறார்கள். திட்டமிட்டு விட்ட கோணம் வேறு, தெரியாமல் விழுந்த கோணம் வேறு.

சுழற்சிக் கோணமும் உண்டு. 1998இல் சிடி ஸ்கேன் மூலம் அளந்தபோது, தொடையெலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் பொருத்திய இரு பாகங்களின் உட்சுழற்சியைக் கூட்டினால் 1 முதல் 4 டிகிரி வந்தாலே முழங்கால் சில்லு ஒருபுறம் சாய்ந்தது. 7 டிகிரிக்கு மேல் போனவற்றில் சில்லு இடம்பெயர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கால் நேராகவே தெரியும்.

மறு அறுவை முதல் அறுவையைவிடக் கடினமானது. எலும்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்று மூட்டு பொருத்திக்கொள்ளும் ஆண்களில் சுமார் 35% பேருக்கு வாழ்நாளுக்குள் மறு அறுவை தேவைப்படலாம் என்று 2017இல் பிரிட்டன் ஆய்வு கணித்தது.

ஸ்வீடன் 1975 முதலும் ஆஸ்திரேலியா 1999 முதலும் மாற்று மூட்டுகளைத் தேசியப் பதிவேட்டில் எழுதுகின்றன. 65 வயதுக்குக் குறைந்தவர்களில், கணினி வழிகாட்டலுடன் கோணம் பார்த்துப் பொருத்தினால் 9 ஆண்டுகளில் மறு அறுவை 7.8 சதவீதத்திலிருந்து 6.3 ஆகக் குறைந்திருந்ததை ஆஸ்திரேலியா அப்படித்தான் அறிந்தது. இந்தியாவில் நிபுணர் சங்கத்தின் பதிவேட்டில் சேர்வது மருத்துவரின் விருப்பம்.

அறுவைக்கு முன்பும் பின்பும், நின்ற நிலையில் இடுப்பு முதல் கணுக்கால் வரை முழு நீள எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். கோணத்தை டிஸ்சார்ஜ் சம்மரியில் எண்ணாக எழுதச் சொல்லுங்கள். எட்டாம் ஆண்டில் வலி வந்தால், ஒப்பிட வேறு சான்று இருக்காது.