உப்பும் சர்க்கரையும் உயிர் காத்த கதை!

அது 1971-ம் ஆண்டு, ஜூன் மாதம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கிழக்குப் பாகிஸ்தான். இன்றைய வங்காள தேசம். அங்கே உள்நாட்டுப் போர். உயிர் பிழைத்தால் போதும் என்று மக்கள் சாரை சாரையாக இந்தியாவுக்குள் வந்து கொண்டிருந்தார்கள். கையில் குழந்தை, தலையில் மூட்டை. அந்த ஆண்டில் இப்படி வந்து சேர்ந்தவர்கள் சுமார் 1 கோடி பேர்!

மேற்கு வங்காளத்தில், எல்லையை ஒட்டி, போங்காவ் என்று ஓர் ஊர். அகதிகள் அங்கே வந்து குவிந்தார்கள். முகாம்களில் நல்ல தண்ணீர் இல்லை. கக்கூஸ் வசதி இல்லை. மழை வேறு. கேட்க வேண்டுமா? காலரா என்னும் வாந்திபேதி பரவியது.

ஊர் ஆஸ்பத்திரியில் காலரா நோயாளிகளுக்கு இருந்தவை இரண்டே அறைகள். கட்டில்கள் நிரம்பி, தரையிலும் நோயாளிகள். தாயும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்கள்.

அங்கே வந்து சேர்ந்தார், கல்கத்தாவிலிருந்து ஒரு டாக்டர். பெயர் திலீப் மகலநாபிஸ். வயது 36. குழந்தை வைத்தியத்தில் தேர்ந்தவர். கல்கத்தாவில் படித்து, லண்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். கல்கத்தாவில் இருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து வந்தார்.

நோயாளிக்கு நரம்பில் ஊசி குத்தி, பாட்டிலில் இருந்து சலைன் ஏற்ற வேண்டும். காலராவுக்கு அன்று எல்லோரும் ஒப்புக்கொண்ட சிகிச்சை அதுதான். ஆனால் நோயாளி தரையில் கிடக்கிறாரே! டாக்டர் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். எதில்? வாந்தியிலும் பேதியிலும். அதில் மண்டியிட்டுத்தான் ஊசி போட வேண்டியிருந்தது. இதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

வந்து 48 மணி நேரம்கூட ஆகவில்லை. தோற்றுக் கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்து விட்டது. சலைன் பாட்டில்கள் தீர்ந்து கொண்டிருந்தன. சலைன் ஏற்றத் தெரிந்தவர்கள் அவருடைய குழுவில் இரண்டே பேர்!

கொல்வது எது?

பேதியில் குழந்தையைக் கொல்வது கிருமி என்றுதான் பலரும் எண்ணுகிறோம். கிருமி காரணம்தான். ஆனால் உயிரைக் கொண்டு போவது, உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியேறுவது. கடுமையான காலரா கண்ட பெரியவருக்கே ஒரு மணி நேரத்தில் 1 லிட்டர் வரை போய்விடும். பச்சைக் குழந்தை எந்த மூலைக்கு? கண் குழி விழும். நாக்கு வறளும். அழுதால் கண்ணீர் வராது. பிறகு அழவும் சக்தி இராது.

போன தண்ணீரை வாய் வழியாகவே கொடுத்தால் என்ன? கேள்வி நியாயமானதுதான். ஆனால் வெறும் தண்ணீரைக் கொடுத்தால் குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை. உள்ளே போனது பேதியாக வெளியே வந்து விடும். உப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்தாலும் அதே கதிதான்.

இங்கேதான் சர்க்கரை வருகிறது.

குடலின் சுவரில் நுணுக்கமான கதவுகள் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒரு வகைக் கதவு உப்பு தனியாக வந்தால் திறக்காது. சர்க்கரை தனியாக வந்தாலும் திறக்காது. இரண்டும் ஜோடியாக வந்தால் திறக்கும். அவை உள்ளே நுழையும்போது பின்னாலேயே தண்ணீரும் நுழையும். காலரா நஞ்சு குடலில் எத்தனையோ வேலைகளைக் கெடுக்கிறது. இந்த ஒரு கதவை மட்டும் அதனால் அடைக்க முடிவதில்லை!

இந்த ஜோடிக் கணக்கை 1960-ம் ஆண்டில் எடுத்துச் சொன்னவர் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி. அதற்கும் முன்பே, 1953-ல், கல்கத்தா டாக்டர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்து, லண்டன் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் எழுதியிருந்தார். படித்தவர்கள் படித்துவிட்டு மூடி வைத்து விட்டார்கள். இந்தியர் எழுதியது என்பதாலோ, இவ்வளவு எளிதாக இருக்கிறதே என்பதாலோ, எனக்குத் தெரிந்தவரை அவருக்கு உரிய பெயர் இன்றும் கிடைக்கவில்லை.

1968-ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் இதை முறையாக அளந்து காட்டினார்கள். இருவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை. எவ்வளவு வெளியே போகிறதோ, அவ்வளவு கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். நரம்பில் ஏற்ற வேண்டிய சலைனின் தேவை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

ஆனால் அது ஆஸ்பத்திரியில், டாக்டர்களும் நர்சுகளும் பக்கத்தில் நின்று செய்த சோதனை. எழுதப் படிக்கத் தெரியாத தாய் இதைச் செய்வாளா? ‘செய்ய மாட்டாள்’ என்பதே பெரிய டாக்டர்கள் பலரின் முடிவு.

டிரம்மில் மருந்து!

போங்காவில் டாக்டர் மகலநாபிசுக்கு வேறு வழி இல்லை. துணிந்தார்.

1 லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. இதுதான் கணக்கு. கல்கத்தா நிலையத்தில் புத்தகங்கள் இருந்த நூலக அறை, மருந்துக் கூடமாக மாறியது. ஒருவர் அளக்க, ஒருவர் பிளாஸ்டிக் பையில் போட, ஒருவர் பையின் வாயைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டினார்!

முகாமில் குழாய் வைத்த டிரம்களில் அதைக் கரைத்து வைத்தார்கள். ‘குவளை கொண்டு வாருங்கள். பிடித்துக் கொண்டு போய்க் கொடுங்கள். விடாமல் கொடுங்கள்’ என்றார்கள். கொடுத்தவர்கள் யார்? தாய், தகப்பன், அக்காள், பாட்டி!

‘இது என்ன தண்ணீர்?’ என்று மக்கள் சந்தேகப்பட்டார்கள். ‘இதுவும் சலைன்தான். வாயால் குடிக்கிற சலைன்’ என்று சொன்னார்கள். சலைன் என்ற பேச்சுக்கு மதிப்பு இருந்தது. குடித்தார்கள்.

நினைவு இல்லாமல் கிடந்தவர்களுக்கு மட்டும், இருந்த கொஞ்சம் சலைனை ஊசி வழியாக ஏற்றினார்கள். அவர்களும் கண் திறந்ததும் குவளைக்கு மாற்றப்பட்டார்கள்.

பலன்? அதுவரை நூற்றுக்கு 30 பேர் வரை இறந்து கொண்டிருந்தார்கள். இரண்டு மாதங்களில் 3,700 பேருக்குமேல் இந்த முறையில் வைத்தியம் நடந்தது. இறந்தவர்கள் நூற்றுக்கு 4 பேரைவிடக் குறைவு!

1978-ல் லண்டன் மருத்துவ வார இதழான ‘லான்செட்’, இந்த நூற்றாண்டின் மருத்துவ முன்னேற்றங்களிலேயே முக்கியமானதாக இது இருக்கக்கூடும் என்று எழுதியது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் பேதிக்கு எதிரான தனித் திட்டத்தைத் தொடங்கியது.

கூலி யார் கையில்?

வங்காள தேசத்தில் ‘பிராக்’ என்ற தொண்டு நிறுவனம் 1980-ல் ஒரு பெரிய வேலையில் இறங்கியது. பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர். இதைத் தாயின் கையாலேயே கலக்க வைத்தார்கள். பத்து ஆண்டுகளில் 1 கோடியே 20 லட்சம் வீடுகள்!

அந்த ஊழியர்களுக்குக் கூலி கொடுத்த விதம் வேடிக்கையானது. சில நாள் கழித்து வேறொருவர் போய், சில தாய்மார்களைக் கேள்வி கேட்பார். ஒரு முறை கலந்து காட்டவும் சொல்வார். தாய் சரியாகச் சொன்னால்தான் ஊழியருக்கு முழுக் கூலி! நம் பள்ளிக்கூடங்களில் இப்படி வைத்தால் எத்தனை வாத்தியார்கள் தேறுவார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

1980-களின் தொடக்கத்தில் உலகில் பேதியால் ஆண்டுக்கு 45 லட்சம் குழந்தைகளுக்கு மேல் இறந்தார்கள். இன்று அந்தத் தொகை 5 லட்சத்துக்கும் கீழே. சுத்தமான தண்ணீர், தடுப்பு மருந்துகள் இவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து சோதனையில் நம் வேலூரும் ஓர் இடம்.

நம் வீட்டில்

‘பேதியா? வயிற்றைக் காயப் போடு’ என்பார்கள் நம் பாட்டிமார்கள். குழந்தை விஷயத்தில் அது ஆபத்து. தாய்ப்பால் நிறுத்தக் கூடாது. வழக்கமான உணவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கும். 1 லிட்டர் பொட்டலம் என்றால் முழுவதையும் 1 லிட்டர் நல்ல தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதித் தண்ணீரில் கரைத்தால் உப்பு கூடிப் போகும், அது கெடுதல். பொட்டலம் இல்லையா? காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில், தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். ஒரு நாளுக்கு மேல் கரைசலை வைத்திருக்க வேண்டாம். டாக்டர் துத்தநாக மாத்திரை கொடுத்தால், பேதி நின்ற பிறகும் சொன்ன நாள்வரை கொடுங்கள்.

மலத்தில் ரத்தம், குடிக்க முடியாத சோர்வு, குழி விழுந்த கண்: இவற்றில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு.

இன்னொன்று. கடைகளில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தைப் பெரிதாகப் போட்டு, சர்க்கரை மிகுந்த பானங்களை விற்று வந்தார்கள். சர்க்கரை அளவுக்கு மிஞ்சினால் குடல் தண்ணீரை உறிஞ்சாது. உடம்பின் தண்ணீர் குடலுக்குள் இறங்கி, பேதி கூடும்! ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அத்தகைய பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று உத்தரவிட்டது. வாங்கும்போது உறையைத் திருப்பி, உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். வெட்கம் வேண்டாம்.

டாக்டர் மகலநாபிஸ் 2022 அக்டோபரில் கொல்கத்தாவில் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அவர் உயிரோடு இருக்கும்போதே தம் சேமிப்பிலிருந்து 1 கோடி ரூபாயை ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்திருந்தார். குழந்தை வைத்தியத்தை அவர் தொடங்கிய அதே கல்கத்தா ஆஸ்பத்திரி அது.