நமக்குப் பின் இவனுக்கு யார்?

மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை உடைய பெற்றோரின் நெஞ்சை இரவும் பகலும் அரித்துக்கொண்டிருப்பது ஒரே வினா: "நமக்குப் பின் இவனுக்கு யார்?" உறவினர் வந்தால், "கூடப்பிறந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று ஆறுதல் கூறிச் செல்வர். நல்ல குடும்பங்களில் அவ்வாறே நிகழ்வதும் உண்டு. சோறூட்டுதற்கும் நோயிற் பேணுதற்கும் அன்பு போதும். ஆயின் அப்பிள்ளையின் பெயரிலுள்ள வங்கிப் பணத்தை எடுப்பதற்கும், காணியைக் குத்தகைக்குக் கொடுப்பதற்கும், வழக்கொன்றில் அவனுக்காக நிற்பதற்கும் அன்பு மட்டும் போதாது. சட்டம் அளிக்கும் அதிகாரமும் வேண்டும்.

பதினெட்டு வயதின் பின்

பிள்ளை எவ்வளவு வளர்ந்தாலும் தாய்க்கு அவன் குழந்தையே. சட்டம் அவ்வாறு கருதுவதில்லை. இலங்கையில் முன்னர் 21 ஆக இருந்த பராய வயது 1989ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் 18 ஆக்கப்பட்டது. அவ்வயது நிரம்பியதும் பெற்றோர் இயல்பாகக் கொண்டிருந்த பாதுகாவலுரிமை முடிவடைகிறது. உள்ளம் ஐந்து வயதினதாயினும், சட்டத்தின் முன் அவன் தன் கருமங்களைத் தானே ஆற்றவல்ல ஆண்மகன். பல பெற்றோர் இதனை அறியார். ஏதேனும் ஓர் அலுவலகத்திலே கையொப்பம் கேட்கப்படும் நாளிலேயே அறிந்து திகைப்பர்.

அற்றோர்ணித் தத்துவம் எழுதி வைத்தால் ஆகாதா எனச் சிலர் வினவுவர். தான் செய்வது இன்னதென உணரும் ஆற்றலுடையவரே அதனைக் கொடுத்தல் கூடும். உணராதவரின் பெருவிரல் அடையாளத்தைப் பெற்று முடிக்கும் உறுதி நீதிமன்றத்தில் நிலைக்காது. மறதிநோய் வாய்ப்பட்ட முதியோர் முன்னர் நல்லறிவுடன் கொடுத்த தத்துவமும், அவர்தம் சித்த சுவாதீனம் அற்றதும் வலுவிழந்துவிடும்.

முன்னோர் கண்ட நெறி

பாதுகாவல் என்னும் கருத்து நம்மவர்க்குப் புதியதன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டளவில் எழுத்துருப் பெற்ற தேசவழமை, மனைவியை இழந்தவன் மறுமணம் செய்யும்போது பிள்ளைகளைத் தாய்வழிப் பாட்டியோ நெருங்கிய உறவினரோ ஏற்று வளர்க்கும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறது. பிள்ளைகளோடு, இறந்த தாயின் சீதனமும் தேடிய தேட்டத்திற் பாதியும் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆளைக் காப்பதும் சொத்தைக் காப்பதும் ஒன்றோடொன்று இணைந்தவை என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

நீதிமன்றத்தின் வழி

இன்றுள்ள நடைமுறை 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில் அடங்கியுள்ளது. சித்த சுவாதீனமற்றவர் ஒருவர் சொத்துடையவராயின், அவர் வசிக்கும் இடத்திற்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் உறவினர் சட்டத்தரணி மூலம் மனுச்செய்யலாம். மனுவைக் கண்டதும் நீதிபதி கட்டளை பிறப்பித்துவிடுவதில்லை. உரியவருக்கு அறிவித்தல் கொடுக்கப்படும். வைத்தியரின் சான்று ஆராயப்படும். வேண்டின் அவரையே நேரில் அழைத்துப் பார்க்கவும் மன்றத்திற்கு அதிகாரமுண்டு. தம் கருமங்களை நடத்த இயலாதவர் எனத் தீர்மானித்த பின்னரே, சொத்துக்கு ஒரு முகாமையாளரும் ஆளுக்கு ஒரு பாதுகாவலரும் நியமிக்கப்படுவர்.

யாழ்ப்பாணக் குடும்பங்கள் இன்னொன்றையும் அறிதல் நன்று. தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டுமென 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் கூறும். கணவன் சித்த சுவாதீனமற்றவனாயின் அவள் செய்வதென்ன? மாவட்ட நீதிமன்றத்தை அணுகி அச்சம்மதத்திற்கு ஈடான கட்டளையைப் பெறலாம்.

கணக்குக் காட்டும் கடமை

பாதுகாவலர் ஆவோர் சொத்துக்கு உரித்தாளர் ஆவதில்லை. அவர் சொத்தின் பட்டியலையும் ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கையும் மன்றுக்குக் காட்டல் வேண்டும். மன்றின் அனுமதியின்றிக் காணியை விற்றலோ ஈடுவைத்தலோ ஆகாது. "உடன்பிறந்தவனிடம் கணக்குக் கேட்பதா?" என முகஞ்சுளிப்போர் உளர். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது நம் பழமொழியன்றோ? நேர்மையாகப் பார்ப்பவனை ஊர்ப் பழியினின்றும் காப்பது அக்கணக்கே. நேர்மையற்றவன் கைப்பட்டால், வாய்திறந்து முறையிட அறியாத அப்பிள்ளைக்கு அதனை விட்டால் வேறு துணையில்லை.

அவர் விருப்பம் எங்கே?

எனினும் பாதுகாவல் ஒரு விலங்காகிவிடலாகாது. இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 12ஆம் உறுப்புரை, அவர்களும் ஏனையோரைப் போலச் சட்டத்தின் முன் சமமானவர்கள் என்கிறது. முடிவு செய்ய வேண்டிய உதவியை அவர்களுக்கு அளிக்குமாறும், அவர்தம் விருப்பத்தை மதிக்குமாறும் அரசுகளைப் பணிக்கிறது. காணி விற்கும் நுட்பம் அறியாதவனுக்கும் யாருடன் வாழ விருப்பம் என்பது தெரியும். அக்காளின் வீட்டில் அவன் முகம் மலர்வதும், வேறோர் வீட்டில் அஞ்சி ஒடுங்குவதும் ஒரு விடையே. பாதுகாவலரைத் தேர்வதற்கு முன் அவ்விடையைக் கேட்பது பெற்றோரின் முதற்கடமை. குணமடைந்தவர் மீண்டும் மன்றை அணுகித் தம் பொறுப்பைத் தாமே பெறவும் சட்டம் இடமளிக்கிறது.

இன்றே செய்யத்தக்கவை

பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே பிள்ளைகளை ஒருங்கழைத்துப் பேசுதல் வேண்டும். யார் உடன் வைத்திருப்பார், யார் பணத்தைப் பார்ப்பார் என்பதை வெளிப்படையாகத் தீர்மானித்தல் வேண்டும்; இருவரும் ஒருவராகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. பிள்ளையின் பெயருக்கே காணியை நேரே எழுதாது, 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அவன் நலனுக்கென ஒப்படைக்கலாமா எனச் சட்டத்தரணியிடம் கேட்டறிதல் நன்று. பொருள் வசதியற்றோர் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அவன் உண்ணும் மருந்து, அஞ்சும் ஒலி, விரும்பும் உணவு ஆகியவற்றைத் தாய் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். எந்த நீதிமன்றக் கட்டளையும் அவற்றைக் கூறாது.

மரணத்தைப் பற்றிப் பேசுவது அமங்கலமென அஞ்சி இவ்வேற்பாட்டைப் பலர் பின்போடுகின்றனர். பேசாது விட்ட பெற்றோரின் சுமை, பேச இயலாத பிள்ளையின் தலையிலே விழும்.