பட்டாளத்தில் சேர்வதும் பட்டாளத்திலேயே இருப்பதும்

இந்தியத் தரைப்படையில் சிப்பாயாகச் சேர்வது 2022 வரை ஒரே ஒரு முடிவாக இருந்தது. தேர்வானவர் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றுவார். நாற்பது வயதை எட்டும் முன்பே ஓய்வூதியத்தோடு ஊர் திரும்புவார். பிறகு வங்கியிலோ ஆலையிலோ காவல் பணியில் அமர்வார், அல்லது அரசு வேலைக்கு முயல்வார். ராணுவ ஊர் என்று பேரெடுத்த வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போன்ற இடங்களில் இது தாத்தா காலத்திலிருந்தே பழகிய கணக்கு. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் அந்தக் கணக்கை இரண்டாகப் பிரித்துவிட்டது. இப்போது பட்டாளத்தில் சேர்வது ஒன்று, அங்கேயே நிலைப்பது வேறொன்று. இரண்டாவது, சேருபவரின் விருப்பத்தால் மட்டும் முடிவதில்லை.

திட்டம் வகுத்தபடி, அக்னிவீர் எனப்படும் இந்தப் புதுவகைச் சிப்பாயாகச் சேரும் வயது பதினேழரை முதல் 21 வரை. மணமாகாதவராக இருக்க வேண்டும். பயிற்சிக் காலமும் சேர்த்து நான்கு ஆண்டுப் பணி. மாதச் சம்பளம் முதல் ஆண்டில் 30,000 ரூபாய். அடுத்தடுத்த ஆண்டுகளில் 33,000, 36,500, 40,000. இதில் 30 விழுக்காடு சேவா நிதிக்காகப் பிடிக்கப்படும். அதற்கு ஈடான தொகையை அரசும் போடும். எனவே கைக்கு வருவது முதல் ஆண்டில் 21,000, கடைசி ஆண்டில் 28,000. நான்கு ஆண்டுகளின் பிடித்தம் ஏறத்தாழ 5.02 லட்சம். அரசின் பங்கோடு அது 10.04 லட்சமாகி, வட்டியும் சேர்ந்து, வருமான வரி இல்லாமல் வெளியேறும் நாளில் மொத்தமாகக் கிடைக்கும். இதைத் தவிர, நான்கு ஆண்டுகளில் கைச்சம்பளமாக வந்தது 11.7 லட்சம். சாப்பாடு, சீருடை, தங்குமிடம் எல்லாம் படையின் பொறுப்பு என்பதால் சிக்கனமானவர் இதிலும் ஒரு பகுதியை மிச்சம் பிடிக்கலாம். அக்னிவீர் தவணை எதுவும் கட்டாமலே 48 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடும் உண்டு.

இருபத்தைந்து வயதுக்குள் கையில் பத்து லட்சம் என்பது எளிய குடும்பத்துக்குச் சிறிய தொகை அல்ல. ஆனால் அது ஒரு முறை வந்து முடிந்துபோகும் பணம். நான்கு ஆண்டுகளில் வெளியேறுபவருக்கு ஓய்வூதியமோ பணிக்கொடையோ கிடையாது. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும், அதையொட்டி வரும் மருத்துவத் திட்டமும், ராணுவ கேன்டீன் சலுகையும் இல்லை. ஒவ்வொரு தொகுதியிலும் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே நிரந்தரப் படைக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். அவர்கள் குறைந்தது இன்னும் 15 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். அதாவது நால்வரில் மூவராவது வெளியே வந்தாக வேண்டும். மத்திய ஆயுதக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு 10 விழுக்காடு இட ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டது என்றாலும், ஒதுக்கீடு இருப்பதும் வேலை கிடைப்பதும் வேறு வேறு. எனவே ‘எப்படியும் நம்மை வைத்துக்கொள்வார்கள்’ என்று நம்பிச் சேர்வதைவிட, ‘நான்கு ஆண்டில் வெளியே வருவோம்’ என்று எடுத்துக்கொண்டு அதற்கும் சம்மதமா என்று பார்ப்பதே விவேகம்.

அப்படிப் பார்த்தால், எந்தப் பிரிவில் சேர்வது என்பது பெரிய கேள்வியாகிவிடுகிறது. பொதுப்பணிக்குப் பத்தாம் வகுப்பு போதும் என்பதால் விண்ணப்பங்கள் அங்கேதான் குவிகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர் தொழில்நுட்பப் பிரிவுக்கு முயலலாம். எழுத்தர் பணிக்கும் தனித் தகுதி உண்டு. வண்டிப் பராமரிப்பும் மின்கருவிகளும் தெரிந்து வெளியே வருபவருக்குத் தொழிற்சாலை வாசலில் சொல்ல ஏதாவது இருக்கும். பணிக்காலத்திலேயே இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியே பட்டம் பெற அக்னிவீரர்களுக்கென ஒரு படிப்பு இருக்கிறது. படையில் பெற்ற பயிற்சியே அதன் மதிப்பளவில் பாதியாகக் கொள்ளப்படுகிறது. இதை விட்டுவிட்டு நான்கு ஆண்டைக் கழிப்பது வீண்.

தமிழ்நாட்டில் ஆள்சேர்ப்பு அலுவலகங்கள் சென்னை, கோயம்புத்தூர், திருச்சி ஆகிய மூன்று நகரங்களில் இருக்கின்றன. முன்பு முதலில் மைதானத்தில் ஓட்டம், பிறகு எழுத்துத் தேர்வு. 2023 முதல் இது தலைகீழானது: கணினிவழி எழுத்துத் தேர்வில் தேறியவர்களே ஓடுவதற்கு அழைக்கப்படுகிறார்கள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் ஓட்டத்துக்கான முழு மதிப்பெண். பத்து முறை கம்பியைப் பிடித்து உடலைத் தூக்கினால் அதற்கும் முழு மதிப்பெண். அடுத்தது ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டுவது, பிறகு மருத்துவப் பரிசோதனை. ஓட்டத்துக்கு மாதக்கணக்கில் பழகியவர்கள் பல், காது, கண், தட்டைப்பாதம் போன்ற காரணங்களால் கடைசியில் திரும்ப நேர்வது உண்டு. முன்கூட்டியே ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. பணம் வாங்கிக்கொண்டு உள்ளே சேர்ப்பதாகச் சொல்லும் புரோக்கர் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரரே.

அதிகாரியாகச் சேர்வது வேறு வாசல். பன்னிரண்டாம் வகுப்போடு நுழைய விரும்புவோருக்குப் புனே அருகே கடக்வாஸ்லாவிலுள்ள தேசிய பாதுகாப்பு அகாடமி; இதற்கான தேர்வை மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. 2021இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்ட பிறகு பெண்களும் இங்கே சேர்கிறார்கள். முதல் தொகுதியின் 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்தார்கள். பட்டதாரிகளுக்கு ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு இருக்கிறது. கல்லூரியில் என்.சி.சி. ‘சி’ சான்றிதழ் பெற்றவர்கள் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேர்காணலுக்குப் போகவும் ஒரு வழி உண்டு. நம் கல்லூரிகளில் பலர் அறியாமலே தவறவிடுவது இதைத்தான்.

எல்லா வழிகளும் போய்ச் சேருவது பணித் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் நேர்காணலுக்கு. தமிழ்நாட்டினர் பலருக்கு அது பெங்களூரு. முதல் நாளின் வடிகட்டலிலேயே பலர் வீடு திரும்பிவிடுவார்கள். மிஞ்சியவர்களுக்கு உளவியல் தேர்வு: ஒரு சொல் திரையில் தோன்றும், பதினைந்து வினாடிக்குள் ஒரு வாக்கியம் எழுத வேண்டும், இப்படி அறுபது சொற்கள். பிறகு மைதானத்தில் குழுவாகப் பலகையும் கயிறும் கொண்டு தடைகளைக் கடப்பது, தனி நேர்காணல், கடைசி நாள் கூட்டாய்வு. ஒத்திகை பார்த்த பதில்கள் இங்கே எளிதில் வெளுத்துவிடும். மதிப்பிடும் மூன்று பேரும் மூன்று விதமாக, எழுத்திலும் பேச்சிலும் செயலிலும், ஒரே ஆளைத்தான் பார்க்கிறார்களா என்று சரிபார்ப்பதற்காகவே இந்த அமைப்பு.

சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமி குறுகிய காலப் பணிக்கான வாசல். பத்து ஆண்டு பணியாற்றிய பின் நிரந்தரப் பணியைக் கேட்கலாம், நான்கு ஆண்டு நீட்டிப்புப் பெறலாம், அல்லது விலகலாம். அதிகாரிக்கு ஓய்வூதியம் பெற 20 ஆண்டு தேவை. ஆகவே பத்திலோ பதினான்கிலோ விலகுபவருக்கு அது இல்லை. லெப்டினன்டின் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். ராணுவப் பணி ஊதியம் 15,500 அதோடு சேரும். பதின்மூன்று ஆண்டில் லெப்டினன்ட் கர்னல் பதவி காலமுறைப்படி வந்துவிடும். அதற்கு மேல் வாரியம் தேர்ந்தெடுத்தால்தான் ஏற்றம். பலர் அங்கேயே நிற்பார்கள். கர்னல் ஓய்வு பெறும் வயது 54. பிள்ளைகளின் படிப்பு முடியும் முன்பே வீட்டில் இரண்டாவது வேலையைப் பற்றிப் பேச்சு எழும்.

சம்பளத்தைவிட மனிதர்களைச் சோதிப்பது அன்றாட வாழ்க்கை. ‘அமரன்’ திரைப்படத்தைப் பார்த்துவிட்டுச் சேர நினைப்பவருக்குத் தெரியாதது, பணிநாட்களில் பெரும்பகுதி காவல், பராமரிப்பு, பயிற்சி, காத்திருப்பு ஆகியவற்றில் கழியும் என்பது. லடாக்கிலோ காஷ்மீரிலோ களப் பணி என்றால் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள முடியாது. அமைதிப் பகுதி போஸ்டிங்கில்தான் அது. அப்பா ஆஸ்பத்திரியில் என்றாலும் லீவு கிடைத்து ஊர் வந்துசேர நாட்கள் ஆகலாம். வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்டில் ‘அடி கொல்லு’ என்று தமிழ் முழங்கும். பெங்களூருவின் மெட்ராஸ் பொறியாளர் பிரிவில் வீரருக்கே ‘தம்பி’ என்றுதான் பெயர். மற்ற இடங்களில் இந்தி பேசாமல் காலம் தள்ள முடியாது.

இன்னொன்று சட்டம். அரசியலமைப்பின் 33ஆம் பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் அந்த வழியில் செயல்படுகிறது. சங்கம் அமைக்க முடியாது, கட்சி மேடையேற முடியாது, அனுமதியின்றிப் பத்திரிகைக்கு எழுத முடியாது. பிடிக்கவில்லை என்று ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேறவும் முடியாது. தனியார் வேலையை மாற்றிப் பழகிய தலைமுறைக்கு இது பெரிய மாற்றம்.

வயதும் முடிவின் ஒரு பகுதி. தேசிய பாதுகாப்பு அகாடமிக்குப் பத்தொன்பதரை வயதோடு கதவு மூடிவிடும். ஆனால் பதினெட்டில் அக்னிவீராகச் சேர்ந்து, பணிக்காலத்தில் பட்டம் முடித்து, இருபத்திரண்டில் வெளியே வருபவருக்குப் பரங்கிமலைக்கான தேர்வை எழுத இன்னும் வயது இருக்கும். நிரந்தரப் படையில் வைத்துக்கொள்ளப்பட்டவர்களுக்கு, பணியிலுள்ள சிப்பாய்களை அதிகாரியாக்கும் டேராடூன் ராணுவ கேடட் கல்லூரியும் இருக்கிறது.