மின்கம்பியில் ஓடும் இன்னொரு அலை

சேலம், நாமக்கல் பக்கம் உயர் அழுத்தத் துணைமின் நிலையங்களில், லைன் உள்ளே நுழையும் இடத்தில் உருளை வடிவில் ஒரு பெரிய சுருளைப் பார்க்கலாம். அதன் பெயர் வேவ் டிராப். மின்சாரம் வரும் அதே கம்பியில் நிலையங்களுக்கிடையே பேச்சும், பழுதான லைனைத் துண்டிக்கச் சொல்லும் உத்தரவும் பயணம் செய்ய உதவுவது அதுதான். மின்வாரியத்தார் இந்த ஏற்பாட்டை பி.எல்.சி.சி. என்பார்கள்.

மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ். செய்தியின் அலைவெண் 40 முதல் 500 கிலோஹெர்ட்ஸ் வரை. ஒரு மில்லிஹென்றி சுருள் 50 ஹெர்ட்ஸுக்குக் காட்டும் தடை 0.3 ஓம்தான், 200 கிலோஹெர்ட்ஸுக்கோ 1,250 ஓமுக்கு மேல். அதனால் மின்சாரம் உள்ளே போகிறது, செய்தி வாசலிலேயே நிற்கிறது. நிற்கும் செய்தியை ஒரு மின்தேக்கி பிரித்தெடுத்துக் கருவிக்குத் தருகிறது.

வீட்டு வயரிங்கிலும் இதே வித்தை நடக்கும். ஹோம்பிளக் வகைக் கருவிகள் சுமார் 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரை நூற்றுக்கணக்கான சிற்றலைகளில் தரவைப் பங்கிட்டு அனுப்புகின்றன. இரைச்சல் மிகுந்த சிற்றலையில் குறைவாக, தெளிவானதில் அதிகமாக ஏற்றுவதுதான் அதன் சூட்சுமம். இரைச்சலுக்குப் பஞ்சமே இல்லை. எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே கம்பியில் குப்பை அலைகளைக் கொட்டுகின்றன. சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டி மின்தேக்கி செய்தியையே விழுங்கிவிடுவதும் உண்டு.

இந்த இரைச்சலைக் கண்ணால் காட்டுவது மென்பொருள் வானொலி. டி.வி. பார்க்கச் செய்த ஆர்.டி.எல். சிப் கொண்ட மலிவு யு.எஸ்.பி. டாங்கிளை இப்படிப் பயன்படுத்தலாம் என்பது 2012-இல் பரவலாகத் தெரியவந்தது. அலையை எண்களாக்குவது மட்டும் டாங்கிளின் வேலை. மற்றதைக் கணினி பார்த்துக்கொள்ளும். 'டைரக்ட் சாம்ப்ளிங்' முறையில் சில மெகாஹெர்ட்ஸ் அலைகளையும் அது பிடிக்கும்.

டாங்கிளை எக்காரணம் கொண்டும் பிளக் பாயின்ட்டில் இணைக்கக் கூடாது. 230 வோல்ட் உயிரைப் பறிக்கும். உறையிட்ட வயரில் சில சுற்றுச் சுருள் செய்து, சுவரோரம் வைத்து, பேட்டரியில் ஓடும் லேப்டாப்பில் கேட்டாலே போதும். ஒவ்வொரு விளக்காக அணைத்துப் பார்த்தால் எது எந்த அலையைக் கெடுக்கிறது என்பது திரையில் தெரிந்துவிடும்.

குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிக் கூடத்தின் கம்பியும் ஐரோப்பிய வீட்டின் கம்பியும் ஒன்றல்ல. சுமை வேறு, வயரிங் வேறு, இரைச்சலும் வேறு. வெளிநாட்டு அளவீடுகளை நம்பி இங்கே கருவி பொருத்தினால் ஏமாற்றமே மிஞ்சும். நம் கம்பியை நாம்தான் அளக்க வேண்டும். திருச்செங்கோடு, நாமக்கல் பொறியியல் மாணவர்கள் கையில் அதற்கான கருவி இன்று இருக்கிறது.