சாண எரிவாயுக் கலன்: தொழுவத்திலிருந்து தொடங்கும் கணக்கு

சாண எரிவாயுக் கலன் அமைக்கக் கடன் நாடி வரும் வாடிக்கையாளரிடம் நாம் முதலில் கேட்பது நிலம் எவ்வளவு என்பதன்று. தொழுவத்தில் எத்தனை மாடுகள் நிற்கின்றன என்பதே. சிலர் இதனை வேடிக்கையாக எண்ணுவதுண்டு. ஆயினும் கலன் தொடர்ந்து பயன்படுவதும் பாழாய்க் கிடப்பதும் பெரும்பாலும் அந்த விடையையே சார்ந்துள்ளன.

நம் நாட்டில் இம்முயற்சி புதியதன்று. ஜஷ்பாய் படேல் 1950களில் வடிவமைத்த கலனைக் காதி கிராமத் தொழில் ஆணையம் நாடெங்கும் பரப்பியது. கவிழ்த்து வைத்த இரும்புத் தொட்டி ஒன்று சாணக் கரைசலின்மேல் மிதக்கும். வாயு சேரச் சேர உயரும். அமைப்பு நல்லதே, ஆனால் இரும்பு துருப்பிடிக்கும், விலையும் மிகுதி. 1984இல் 'ஆக்‌ஷன் ஃபார் ஃபுட் புரொடக்‌ஷன்' என்னும் தொண்டு நிறுவனம் உருவாக்கிய 'தீனபந்து' கலன் இக்குறையைக் களைந்தது. ஏழைகளின் நண்பன் என்பது அப்பெயரின் பொருள். இரும்புத் தொட்டி இல்லை. செங்கல், சிமெண்டு, மணல், ஜல்லி ஆகியவற்றைக் கொண்டு நிலத்தடியில் கட்டப்படும் குவிமாடம் மட்டுமே.

சாணத்தையும் நீரையும் சம அளவில் கரைத்து நாள்தோறும் உள்ளே விட வேண்டும். காற்றுப் புகாத அவ்விடத்தில் நுண்ணுயிரிகள் அதனைச் சிதைக்க, மீத்தேன் மிகுந்த வாயு உண்டாகிக் குவிமாடத்தின் உச்சியில் தங்கும். அவ்வாயு கரைசலை அழுத்தி வெளித்தொட்டிக்குத் தள்ளும். அடுப்பைப் பற்றவைத்ததும் கரைசல் திரும்பி இறங்கி வாயுவைக் குழாய்க்குள் செலுத்தும். வெளியேறும் கரைசல் வயலுக்கு எருவாகும். வெப்பம் குறைந்தால் வாயுவும் குறையும்; ஆதலால் குளிர்ப் பகுதிகளில் கரைசல் 55 நாள் வரை உள்ளே தங்குமாறும், வெப்பமான பகுதிகளில் 30 நாளே தங்குமாறும் கலனை வடிவமைக்கின்றனர்.

இனிக் கணக்கு. ஒரு கன மீட்டர் வாயுவுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 25 கிலோ சாணம் வேண்டும். கொட்டிலில் கட்டி வளர்க்கும் மாடு ஒன்று சுமார் 10 கிலோ தரும். மேய்ச்சலுக்குச் செல்லும் மாட்டிடம் அதில் பெரும்பகுதி காட்டிலேயே போய்விடும். ஐவர் கொண்ட குடும்பத்தின் சமையலுக்கு 1.2 கன மீட்டர் அளவே போதும். 2 கன மீட்டர் கலன் முழு அளவில் இயங்கினால், மாதத்திற்கு ஒன்றரைக்கும் மேற்பட்ட எல்.பி.ஜி. சிலிண்டர்களுக்கு ஈடான வாயு கிடைக்கும். அதற்கு ஐந்து மாடுகள் தேவை. நாள்தோறும் 50 லிட்டர் நீரும் தேவை, அதாவது மூன்று குடத்திற்கும் மேல்.

சில ஆண்டுகளுக்கு முன்பு மகாராஷ்டிரத்தின் வறண்ட பகுதியில் இருந்த நம் கிளை ஒன்று, இரண்டு எருமைகளும் ஒரு பசுவும் கொண்ட குடும்பத்திற்கு 4 கன மீட்டர் கலனுக்குக் கடன் வழங்கியது. பெரிய கலன் என்றால் பெரிய பயன் என்று அவர்கள் நம்பினர், நாமும் மறுத்துரைக்கவில்லை. மூன்று கால்நடைகளின் சாணம் அக்கலனின் தேவையில் பாதியைக்கூட எட்டவில்லை. சுடர் மெலிந்தே எரிந்தது. கோடையில் தீவனம் இன்றி ஓர் எருமையை விற்றபின் அதுவும் நின்றது. அவ்வீட்டுப் பெண்மணி மீண்டும் விறகுப் புகையில் கண்ணைக் கசக்கலானார். கடைசித் தவணை வரை அக்குடும்பம் தவறாமல் செலுத்தியது. நம் கணக்கேட்டில் அது நல்ல கடன், அடுப்படியில் அவ்வாறன்று. மதிப்பீட்டுத் தாளில் மாடுகளின் எண்ணிக்கையைக் கேட்டிருந்த நாம், அவற்றுக்குத் தீவனம் கிடைக்கும் மாதங்களைக் கேட்கத் தவறினோம்.

வீடுகளுக்கான புதுப்பிக்கத்தக்க எரிசக்திக் கடன், ஒருவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை முன்னுரிமைத் துறையில் அடங்கும். சிறிய கலனுக்கு அவ்வளவு தொகை தேவைப்படாது. மானியம் உண்டென்பதற்காகக் கொள்ளளவைக் கூட்ட வேண்டாம்; கடனின் சுமை கூடுமேயன்றி வாயு கூடாது. குவிமாடத்தில் மயிரிழை வெடிப்பு இருப்பினும் வாயு கசிந்துவிடும். ஆகவே இக்கலனைக் கட்டிப் பழகிய கொத்தனாரையே அமர்த்துங்கள். அவர் முன்பு கட்டிய கலன் ஒன்றில் அடுப்பு எரிவதை நேரில் பார்த்து வருதல் இன்னும் நலம்.

மாடுகளின் கணக்கைச் சித்திரை, வைகாசியில் எடுங்கள். தீவனமும் நீரும் அருகிய அந்நாளில் தொழுவத்தில் எஞ்சி நிற்பவற்றை மட்டும் எண்ணிக்கொண்டு, விண்ணப்பத்துடன் கிளைக்கு வாருங்கள்.